வேலிகாத்தானுக்கு முன்னாடி நம்ம ஏரிக்கரையில் என்ன இருந்தது?



இந்த மலர்ல சேமிப்பு, கடன், வங்கி இணைப்பு, தொழில் பயிற்சி பத்தியெல்லாம் நிறைய பேர் எழுதுறாங்க. வரலாறு பத்தி ஒரு கட்டுரை வேணும்னு சொன்னப்ப, ராஜாக்கள் கதையைவிட நம்ம காலுக்குக் கீழ இருக்குற மண்ணோட கதையை எழுதலாம்னு தோணுச்சு. சுங்குவார்சத்திரத்துல இருந்து ஒரகடம் போற வழியில பஸ் ஜன்னல்ல பாருங்க. ஒரு கம்பெனி மதில் முடிஞ்சு அடுத்த மதில் ஆரம்பிக்கிற வரைக்கும் நடுவுல இருக்குறது என்ன? வேலிகாத்தான். ஏரி உள்வாயில வேலிகாத்தான். வரத்துக் கால்வாயில வேலிகாத்தான். சுடுகாட்டுப் பாதையில வேலிகாத்தான். நம்ம பிள்ளைங்க அதுதான் நம்ம ஊரு மரம்னு நினைச்சிக்கிட்டு வளருதுங்க. நம்மில் பாதிப் பேருக்கும் அதுக்கு முன்னாடி அந்த இடத்துல என்ன இருந்துச்சுன்னு தெரியாது.

தெரிஞ்சிக்க வேண்டியது ஏன் அவசியம்னா, இப்ப ஏரி தூர் வார பணம் வருது, மரக்கன்று நட பணம் வருது, நூறு நாள் வேலையில குழி எடுக்கச் சொல்றாங்க. என்ன செடி, எந்த இடத்துல, யாருக்காகன்னு கேக்குற நேரம் இது. பழசு தெரியலன்னா யார் எந்தச் செடி குடுத்தாலும் நட்டுட்டு வந்துடுவோம்.

ரொம்பப் பழைய காலம்

ஒரகடம்னா இப்ப கார் கம்பெனி. ஆனா ஒரகடத்துக்குப் பக்கத்துல இருக்குற வடக்குப்பட்டு கிராமத்துல 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டிப் பார்த்தப்ப, இடைக் கற்கால மனுஷங்க செஞ்ச கல் ஆயுதங்கள் கிடைச்சுது. இரும்பு கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி, பயிர் வெக்கிறதுக்கும் முன்னாடி, வேட்டையாடி, பழம் கிழங்கு பொறுக்கித் தின்னவங்க நம்ம பக்கத்துல இருந்திருக்காங்க. பொறுக்கித் திங்கணும்னா பழம் காய்க்கிற புதர்க்காடு இருந்திருக்கணும் இல்லையா?

அப்புறம் விவசாயம் வந்துச்சு. நம்ம பக்கம் பெரிய ஆறு கிடையாது. பாலாறும் வருஷம் முழுக்க ஓடாது. ஐப்பசி கார்த்திகையில பெய்யுற மழையைத் தேக்கி வெச்சுத்தான் கழனி பண்ணணும். அதனால பல்லவர், சோழர் காலத்துல இருந்தே ஏரி வெட்டினாங்க. பழைய செங்கல்பட்டு ஜில்லாவை ஏரி மாவட்டம்னே சொல்லுவாங்க. சின்னதும் பெருசுமா 2,000-க்குக் கிட்ட ஏரிங்க. நரசிம்மவர்ம பல்லவன் சாளுக்கிய ராஜா புலிகேசியோட சண்டை போட்ட மணிமங்கலம், நம்ம மணிமங்கலம்தான். அது நடந்து கிட்டத்தட்ட 1,400 வருஷம் ஆகுது. அந்த ஊரு ஏரி இன்னைக்கும் இருக்கு.

நம்ம மாவட்டத்துலயே இருக்குற உத்திரமேரூர் கல்வெட்டு பத்தி பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். பராந்தக சோழன் காலத்துல, 919-லயும் 921-லயும் வெட்டினது. குடவோலை முறையில ஆளைத் தேர்ந்தெடுத்து ஏரி வாரியம், தோட்ட வாரியம்னு குழு போட்டாங்க. ஏரியைப் பாத்துக்க ஒரு குழு, தோப்பு தோட்டத்தைப் பாத்துக்க ஒரு குழு. 1,100 வருஷத்துக்கு முன்னாடியே தண்ணிக்கும் செடிகொடிக்கும் பொறுப்பாளுங்க இருந்தாங்கன்னு நினைக்கையில பெருமையா இருக்கு. ஆனா அந்தக் குழுவுல சேர சொந்த நிலம் வேணும், சொந்த மனையில வீடு வேணும், 35 வயசுக்கு மேல 70-க்குள்ள இருக்கணும்னு விதி. வேதம் படிச்சிருக்கணும்னும் விதி. பொம்பளைக்கு அதுல இடம் இல்ல. நிலம் இல்லாத கூலிக்காரங்களுக்கும் இடம் இல்ல. ஏரியில இருந்து விறகும் கோரையும் கீரையும் கொண்டு வந்தது யாரோ அவங்களைக் கேட்காமலேயே ஏரியைப் பத்தி முடிவு பண்ணினாங்க. இதை மனசுல வெச்சிக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

அந்தக் கரைகளில் வளர்ந்தவை

ஏரின்னா வெறும் தண்ணி இல்ல. உள்வாய், கரை, மதகு, கலங்கல், வரத்துக் கால்வாய், அதுக்கு மேல மேட்டு நிலம், மேய்க்கால் புறம்போக்கு எல்லாம் சேர்ந்ததுதான் ஏரி. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு செடிக்கூட்டம் உண்டு.

உள்வாயோட ஓரத்துல கோரை, விழல், நாணல். தண்ணி கட்டி நின்னாலும் அழுகாத நீர்க்கடம்பு. கொஞ்சம் மேல நாட்டுக் கருவேலம், நீர்மருது. கரையோட வெளிச்சரிவுல வரிசையாப் பனை. பனையோட வேர் நார் நாரா மண்ணைப் பிடிச்சிக்கும், கரை உடையாது. வாய்க்கால் ஓரம் புங்கன், நொச்சி, நாவல். கோயில் பக்கம் இலுப்பை, ஆல், அரசு, மகிழம்.

மேட்டு நிலத்துல இருந்தது புதர்க்காடு. வெளியில இருந்து பாக்குறவங்களுக்கு ஒண்ணுக்கும் உதவாத முள்ளுக்காடு மாதிரி தெரியும். காரை, களாக்காய், சூரை, இலந்தை, நுணா, ஆவாரம், குருந்து, காசான், வீரை, உலக்கைப்பாலை, முட்சங்கு. அதுமேல படர்ந்து கிடக்குறது பிரண்டை, கோவை, தூதுவளை, முடக்கத்தான், வேலிப்பருத்தி. மழை அதிகம் இல்லாத கடற்கரைச் சமவெளியில வருஷம் முழுக்க பச்சையா நிக்கிற இந்தக் காடு உலகத்துலயே கொஞ்ச இடத்துலதான் இருக்கு. நம்ம சோழமண்டலக் கரையும் இலங்கையும் அதுல முக்கியம். உலர் பசுமைமாறாக் காடுன்னு படிச்சவங்க சொல்றாங்க. இலை சின்னதா, தோல் மாதிரி தடிப்பா இருக்கும், வெயில்ல தண்ணியை விடாது. அதனாலதான் சித்திரையிலயும் பச்சை.

எங்க வீட்டுல என் மாமியாரைக் கேட்டா இந்த ஒவ்வொரு செடிக்கும் ஒரு வேலை சொல்லுவாங்க. மூட்டுவலிக்கு முடக்கத்தான் அடை, சளிக்கு தூதுவளை ரசம், கொசுவுக்கு நொச்சிப் புகை, காப்புக் கட்ட ஆவாரம்பூ, விளக்குக்கு இலுப்பெண்ணெய், ஆட்டுக்கு கருவேலங்காய், பாய்க்குக் கோரை, கூரைக்கு விழல், பிள்ளைங்க வாய்க்கு காரைப்பழமும் களாக்காயும். இதுல ஒண்ணுகூட காசு குடுத்து வாங்கினது இல்ல. இதை எந்தக் கணக்குப் புத்தகத்துலயும் வருமானம்னு எழுதினது இல்ல. ஆனா ஒரு குடும்பத்துக்கு வருஷத்துல எவ்வளவு மிச்சமாச்சுன்னு நம்ம குழுக் கணக்கு எழுதுற மாதிரி எழுதிப் பாத்தா தெரியும்.

கம்பெனிக்காரன் காலமும் வேடந்தாங்கலும்

1763-ல் ஆற்காட்டு நவாப் நம்ம செங்கல்பட்டுச் சீமையை கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் குடுத்துட்டார். அப்ப கம்பெனின்னா வெள்ளைக்காரன் கம்பெனி. ஜாகீர்னு பேரு. 1767-ல் இருந்து 1774 வரைக்கும் பர்னார்டுன்னு ஒரு இன்ஜினியர் இந்தச் சீமையில ஊர் ஊரா அளந்து, ஏரி, தோப்பு, கழனி எல்லாத்தையும் எழுதி வெச்சார். அப்புறம் 1794-ல் இருந்து 1798 வரைக்கும் லயோனல் பிளேஸ் கலெக்டரா இருந்தார். வரி வசூல்ல கறாரான ஆளு. ஏரி பழுதானா வரி வராதுன்னு தெரிஞ்சவர், அதனால ஏரிகளை ரிப்பேர் பண்ண வெச்சார்.

அவர் காலத்துல நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லணும். வேடந்தாங்கல் ஏரிக்கு வர்ற பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க சுட்டுத் தள்ளினாங்க. ஊர் ஜனங்க கலெக்டர்கிட்ட போய் முறையிட்டாங்க. பறவை எச்சம் ஏரித் தண்ணியில கலந்து கழனிக்கு உரமாப் போகுது, பறவை போனா எங்க விளைச்சல் போச்சுன்னு சொன்னாங்க. 1798-ல் அந்த உரிமையை ஒத்துக்கிட்டு கவுல் எழுதிக் குடுத்தார். இந்தியாவுலயே ரொம்பப் பழைய பறவைகள் காப்பிடம் அதுதான். 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்துல கரிக்கிலியும் ராம்சர் ஈரநிலப் பட்டியல்ல சேர்ந்துச்சு. உலகமே காப்பாத்த வேண்டிய இடம்னு அர்த்தம். 200 வருஷத்துக்கும் மேல அந்த ஊர்க்காரங்க பறவைக்குத் தொந்தரவு பண்றதில்ல, பட்டாசுகூட வெடிக்கிறதில்ல.

அந்த ஜனங்க பறவை அழகா இருக்குன்னு சொல்லிக் கேக்கல. எங்க சோறு இதுல இருக்குன்னு சொல்லிக் கேட்டாங்க. இயற்கையைக் காப்பாத்துற வேலை நம்ம பக்கம் எப்பவும் அப்படித்தான் நடந்திருக்கு.

வேலிகாத்தான் வந்த கதை

காமராஜர் காலத்துல வானத்துல இருந்து விதை தூவினாங்கன்னு ஊருல ஒரு பேச்சு உண்டு. அதுக்கு ரொம்ப முன்னாடியே அந்தச் செடி வந்துடுச்சு. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1876-ல் சென்னை மாகாணத்துக் காட்டு அதிகாரி பெட்டோம், வறண்ட நிலத்துக்கும் விறகுக்கும் இது நல்லதுன்னு அரசாங்கத்துக்கு எழுதினார். 1877-ல் அப்ப நம்ம மாகாணத்துல இருந்த கடப்பை ஜில்லா கமலாபுரத்துல நட்டாங்க. சீமையில இருந்து வந்ததால சீமைக் கருவேலம். வேலிக்கு வெச்சதால நம்ம பக்கம் வேலிகாத்தான். சுதந்திரத்துக்கு அப்புறமும் விறகுப் பஞ்சம் தீர அரசாங்கமே இதை வளர்க்கச் சொல்லிச்சு.

அது பரவுற விதத்தைப் பாருங்க. காய் இனிப்பா இருக்கும். ஆடு மாடு விரும்பித் தின்னும். கொட்டை செரிக்காது. சாணியோட, புழுக்கையோட வேற இடத்துல விழுந்து, அந்த எருவுலயே முளைக்கும். மேல வெட்டினா தூர்ல இருந்து நாலு கிளையா வரும். வேர் ஆழமாப் போகும். அதோட நிழல்ல மத்த செடி எழும்பாது. ஏரி மண்ணு மாதிரி ஈரமும் வெயிலும் கிடைச்சா கேக்கவே வேணாம்.

இது மட்டும் இல்ல, வேற விருந்தாளிங்களும் உண்டு. உண்ணிச்செடி 1809-ல் கல்கத்தா தாவரத் தோட்டத்துக்கு அழகுச் செடியா வந்துச்சு. பார்த்தீனியம் 1950-களில் புனே பக்கத்துல முதல்ல தெரிஞ்சுது. ஏரியை மூடுற ஆகாயத்தாமரையும், வாய்க்காலை அடைக்கிற நெய்வேலிக் காட்டாமணக்கும் தென் அமெரிக்காவுல இருந்து வந்ததுதான்.

ஆனா அக்கா தங்கைகளே, ஒரு நியாயத்தையும் சொல்லணும். கேஸ் அடுப்பு வர்ற வரைக்கும் நம்ம வீட்டுச் சோறு வெந்தது வேலிகாத்தான் விறகுலதான். கரி சுட்டுப் பிழைச்ச குடும்பம் எத்தனை! கழனி வேலை இல்லாத மாசத்துல ஒரு சுமை விறகு வித்து அரிசி வாங்கினவங்க நம்ம கூட்டமைப்புலயே இருக்காங்க. அந்தச் செடி எங்கயும் சண்டை போட்டு நுழையல. ஆள் பாக்காத நிலத்துல நுழைஞ்சுது. நிலத்தை ஆள் பாக்காம விட்டதுதான் முதல் கதை.

நிலம் எப்படிக் கைவிட்டுப் போச்சு

ஏரியை ஊரே சேர்ந்து தூர் வாரி, கரை கட்டி, மதகு பாக்குறதுக்கு குடிமராமத்துன்னு பேரு. வெள்ளைக்காரன் காலத்துல ஏரி சர்க்கார் சொத்தாகி அந்த வழக்கம் கொஞ்சம் கொஞ்சமா மறைஞ்சுது. போர் கிணறும் மோட்டாரும் வந்ததும் ஏரித் தண்ணிக்குக் காத்திருக்க வேண்டிய தேவை குறைஞ்சுது. தேவை குறைஞ்ச பொருளை யார் பாத்துக்குவாங்க?

1981-ல் இருந்து சுவீடன் நாட்டு உதவியோட சமூகக் காடுகள் திட்டம் நம்ம மாநிலத்துல நடந்துச்சு. ஏரி உள்வாயில நாட்டுக் கருவேலம் நட்டாங்க. நாட்டு மரம்தான், விறகும் வந்துச்சு, ஊராட்சிக்கு ஏலப் பணமும் வந்துச்சு. ஆனா ஒரே மரம் வரிசையா நின்னுச்சு, பழைய கலப்பு வரல. வெட்டி ஏலம் விட்டதும் வெத்து இடம் ஆச்சு. வெத்து இடத்துல யார் வருவான்னு சொல்ல வேண்டியதில்ல.

அப்புறம் 1990-கள். 1971-ல் தொடங்கின சிப்காட் நிறுவனம் நம்ம பக்கம் பெரிய அளவுல நிலம் எடுத்துச்சு. 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் வேலை ஆரம்பிச்சுது, 1998-ல் கார் வெளிய வந்துச்சு. 2006-ல் ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா, 2010-ல் ஒரகடத்துல ரெனோ நிசான். பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால்னு தொழில் பூங்கா வரிசையா வந்துச்சு. நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்கு வேலை கிடைச்சுது, பொம்பளைப் பிள்ளைங்க யூனிபார்ம் போட்டு கம்பெனி பஸ் ஏறினாங்க. இதை நான் குறை சொல்ல மாட்டேன். கையில மாசச் சம்பளம் வந்த பொண்ணு வீட்டுல பேசுற குரலே வேறயா இருக்கும். 2014 நவம்பர்ல நோக்கியா ஆலை மூடினப்ப எத்தனை வீட்டுல அந்தக் குரல் அடங்கிச்சுன்னும் நமக்குத் தெரியும்.

நிலத்து விஷயத்துல நடந்தது இதுதான். பட்டா நிலத்துக்குக் காசு கிடைச்சுது. மேய்க்காலுக்கும் புதர்க்காட்டுக்கும் யாருக்கும் காசு இல்ல, ஏன்னா அது யார் பேர்லயும் இல்ல. அதை நம்பி ஆடு மேய்ச்ச, கீரை பறிச்ச, விறகு பொறுக்கின பொம்பளைங்க பேர் எந்தப் பதிவேட்டுலயும் இல்ல. ஒரு வரத்துக் கால்வாய் சாலைக்கு அடியில போனா அதுக்குக் குழாய் வெச்சாங்க, சில இடத்துல அதுவும் இல்ல. பயிர் வெக்கிறதை விட்டு, மனைக்காகக் காத்திருக்குற கழனிகளில் வேலிகாத்தான் ஏறிச்சு.

2015 மழை கேட்ட கேள்வி

அடையாறு சென்னையில ஓடுற ஆறுன்னு நினைக்கிறோம். அது பிறக்குறது நம்ம பக்கம். ஆதனூர், மலைப்பட்டு, மணிமங்கலம் பக்கத்து ஏரிகளோட உபரித் தண்ணி சேர்ந்துதான் அடையாறு ஆகி, 40 கிலோமீட்டர் தூரத்துக்கு மேல ஓடி கடல்ல விழுது. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிங்க நிரம்பினா செம்பரம்பாக்கம் பக்கம் போகும். செம்பரம்பாக்கம் உபரியும் கடைசியில அடையாறுதான்.

2015 டிசம்பர் 1-ந் தேதி ராத்திரி என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். செம்பரம்பாக்கத்துல இருந்து நொடிக்கு 29,000 கன அடி வரைக்கும் திறந்தாங்க. அதோட நம்ம பக்கத்து ஏரிங்க நிரம்பி வழிஞ்ச தண்ணியும் சேர்ந்து வரதராஜபுரம், முடிச்சூர் எல்லாம் மூழ்கிச்சு. மழை அளவுக்கு மீறிப் பெய்ஞ்சது உண்மை. ஆனா மேட்டு நிலத்துல புதரும் புல்லும் இருந்தா விழுற மழை கொஞ்சம் நின்னு, இறங்கி, மெதுவாப் போகும். சிமென்ட்டுத் தரையில விழுந்தா உடனே ஓடும். கால்வாய்ல வேலிகாத்தானும் காட்டாமணக்கும் அடைச்சிருந்தா ஓட வழி இல்லாம ஊருக்குள்ள வரும். அதே மண்ணுல அடுத்த சித்திரையில குடிதண்ணிக்கு லாரி பாத்து நின்னோம். வெள்ளமும் பஞ்சமும் ஒரே காரணத்தால ஒரே ஊருக்கு வரும்னு அந்த வருஷம் புரிஞ்சுது.

நீதிமன்றமும் அரசாங்கமும்

வேலிகாத்தானை அழிக்கணும்னு வழக்கு போய், 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வேகமா அகற்றச் சொல்லிச்சு. பொக்லைன் வெச்சுப் பிடுங்கினாங்க. அதே வருஷம், ஒரேயடியா எடுத்தா சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும்னு கேள்வி வந்து, விஷயம் தெரிஞ்சவங்களை வெச்சுப் பாத்துட்டுச் செய்யணும்னு வேகத்தை நிறுத்தினாங்க. அது சரியான கேள்விதான். பிடுங்கின இடத்துல வேற எதுவும் நடலன்னா அடுத்த மழைக்கு அதே செடி திரும்ப நிக்கிறதை நம்ம கண்ணாலயே பாக்குறோம்.

2022 ஜூலையில தமிழ்நாடு அரசு ஒரு கொள்கை வெளியிட்டுது. அந்நியச் செடியை எடுக்குறது, அந்த இடத்துல நாட்டுச் செடியைத் திரும்பக் கொண்டு வர்றது ரெண்டும் ஒரே வேலைன்னு அதுல சொல்லியிருக்கு. அதே வருஷம் செப்டம்பர் 24-ல் நமக்குப் பக்கத்து வண்டலூர்ல பசுமைத் தமிழகம் இயக்கத்தை முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கினார். மாநிலத்தோட பசுமைப் பரப்பை 23.7 சதவீதத்துல இருந்து 33 சதவீதமா ஆக்கணும்னு குறி.

அதனால கன்று வருது. கம்பெனிகளோட சமூகப் பொறுப்பு நிதியிலயும் கன்று வருது. ஒருநாள் போட்டோ எடுத்துட்டுப் போறாங்க. மூணு மாசம் கழிச்சு குழிதான் இருக்கும், கன்று இருக்காது. இருந்தாலும் சில நேரம் அது அழகுக்கு நிக்கிற வெளிநாட்டு மரமா இருக்கும், குருவிக்கும் ஆட்டுக்கும் உதவாது.

செஞ்சு காட்டினவங்க

இழந்த காட்டைத் திரும்பக் கொண்டு வர முடியுமா? முடியும்னு ரெண்டு இடம் சொல்லுது.

ஒண்ணு, பாண்டிச்சேரி பக்கத்துல ஆரோவில். 1968 பிப்ரவரி 28-ல் அதைத் தொடங்கினப்ப அது செம்மண் மேடு, மழைத் தண்ணி அரிச்சு பள்ளம் பள்ளமாக் கிடந்துச்சு. அங்க வந்தவங்களும் சுத்துப்பட்டு ஊர்க்காரங்களும் முதல்ல மரம் நடல, வரப்பு போட்டாங்க. பெய்யுற மழை அங்கயே நிக்கணும்னு. அப்புறம் நிழலுக்காக ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த, வேகமா வளர்ற மரத்தை நட்டாங்க. அதுக்கு வேலை மரம்னே பேரு வெச்சாங்க. நிழல் கிடைச்சதும் நாட்டு மர விதை தேடினாங்க. எங்க கிடைச்சுது தெரியுமா? கோயில் காட்டுல. புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு மாதிரி, சாமிக்குப் பயந்து யாரும் கை வெக்காத இடத்துல வீரையும் காசானும் உலக்கைப்பாலையும் மிச்சம் இருந்துச்சு. அந்த விதையில நாத்து விட்டு நட்டாங்க. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடிச்சப்ப வேலை மரங்கள் கூட்டம் கூட்டமா சாஞ்சுது. மெதுவா வளர்ந்த நாட்டு மரங்கள் பெரும்பாலும் நின்னுச்சு. வேகமா வளர்றதுக்கும் ஊனி நிக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம் அன்னைக்குத் தெரிஞ்சுது.

இன்னொண்ணு, நம்ம அடையாறு கடல்ல விழுற இடம். அங்க ஓடையில கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டி மூடிக் கிடந்துச்சு. 58 ஏக்கர்ல குப்பையை அள்ளி, தண்ணி வர வழி விட்டு, நூத்துக்கும் மேல வகை நாட்டுச் செடி நட்டாங்க. 2011 ஜனவரியில தொல்காப்பியப் பூங்கான்னு திறந்தாங்க. இப்ப அங்க பறவை, தவளை, பட்டாம்பூச்சி எல்லாம் திரும்ப வந்திருக்கு. ஆத்தோட வாயில பூங்கா இருக்கு. ஆத்தோட தலை நம்ம ஏரிங்க. அது இன்னும் வேலிகாத்தானுக்குள்ளதான் இருக்கு.

நம்ம கூட்டமைப்பு என்ன செய்யலாம்

1989-ல் தருமபுரி மாவட்டத்துல சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதி உதவியோட சுய உதவிக் குழுக்கள் நம்ம மாநிலத்துல ஆரம்பிச்சப்ப, பொம்பளைங்க வரவு செலவு பாப்பாங்களான்னு சிரிச்சவங்க உண்டு. இன்னைக்கு ஊராட்சி அளவுல கூட்டமைப்பு இருக்கு, தீர்மானம் போடுறோம். உத்திரமேரூர் வாரியத்துல இல்லாத இடம் இப்ப நமக்கு இருக்கு. அதை இதுக்கும் பயன்படுத்தலாம்.

முதல் வேலை, யாரைக் கேக்கணும்னு தெரிஞ்சிக்கிறது. 100 ஏக்கருக்கு மேல பாசனம் இருக்குற ஏரி நீர்வளத் துறைக்குச் சேர்ந்தது. அதுக்குக் கீழ இருந்தா ஊராட்சி ஒன்றியம். கிராம சபையில தீர்மானம் வெச்சா ரெண்டு பேருக்கும் போகும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்துக்கும் இப்ப கிராம சபை நடக்குது, அதுதான் பொருத்தமான நாள்.

ரெண்டாவது, எடுக்குற முறை. காய் பழுக்குறதுக்கு முன்னாடி எடுக்கணும், மண்ணு ஈரமா இருக்கும்போது தூரோட எடுக்கணும். ஏரி முழுசையும் ஒரே வருஷத்துல எடுக்காம, நட்டுப் பாத்துக்க முடியுற அளவு மட்டும் எடுக்கணும். முளைக்கிற கன்றை ரெண்டு மூணு வருஷம் விடாம பிடுங்கணும். இதுக்குத்தான் கூலி ஒதுக்கச் சொல்லணும்.

மூணாவது, விதை. வாங்குற கன்றுல நம்ம புதர்ச் செடி கிடைக்காது. காரைக்கும் களாவுக்கும் நர்சரியில மதிப்பு இல்ல. விதை நம்மகிட்டதான் இருக்கு. பங்குனி சித்திரையில புங்கன். ஆனி ஆடியில வேம்பு, நாவல், இலுப்பை. ஆவணி புரட்டாசியில பனங்கொட்டை. வேப்பங்கொட்டையும் நாவல் கொட்டையும் ரெண்டு மூணு வாரத்துல முளைப்புத் திறன் போயிடும், பொறுக்கினதும் போட்டுடணும். பனங்கொட்டையை ஐப்பசி மழைக்கு முன்னாடி கரையில புதைச்சா போதும், தண்ணி ஊத்த வேண்டியதில்ல. கோயில் பக்கம் ஒதுங்கி நிக்கிற பழைய புதரைப் பாத்து வெச்சு அங்க விதை எடுக்கணும். நாத்துப் பண்ணை நம்ம குழுவே நடத்தினா கம்பெனி நிதியும் அரசு நிதியும் கன்று வாங்க நம்மகிட்ட வரும். அது ஒரு தொழில்.

நாலாவது, நான் முக்கியமா நினைக்கிறது. வேலிகாத்தானை எடுத்தா விறகுக்கு இன்னும் அதையே நம்பியிருக்குற வீடு என்ன பண்ணும்? நட்ட இடத்துக்கு வேலி போட்டா ஆடு வளக்குற அக்கா எங்க போவாங்க? அவங்க பெரும்பாலும் கணவர் இல்லாதவங்க, நிலம் இல்லாதவங்க. அவங்களைக் கேக்காம வேலி போட்டா அந்த வேலி ஒரு ராத்திரிகூட நிக்காது, நிக்கவும் கூடாது. ஏரியை மூணு பங்கா வெச்சு, ஒரு பங்கு மூடி, ரெண்டு பங்கு மேய விட்டு, கன்று ஆட்டு வாய்க்கு எட்டாத உயரம் வந்ததும் மாத்தலாம். எடுக்குற வேலிகாத்தான் விறகை ஏலத்துல வெளியாளுக்கு விடாம முதல்ல ஊருக்குள்ள தேவைப்படுற வீட்டுக்குக் குடுக்கலாம். இதை எந்த அதிகாரியும் நமக்குச் சொல்லித்தர மாட்டாங்க. யார் வீட்டுல என்ன அடுப்பு எரியுதுன்னு நமக்குத்தான் தெரியும்.

கடைசியா ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்துல பத்து நிமிஷம் ஒதுக்குங்க. குழுவுல இருக்குற வயசானவங்களையும், வீட்டுல இருக்குற மாமியார், ஆயாவையும் கேட்டு, உங்க ஊரு ஏரிக்கரையில, மேய்க்கால்ல முன்ன இருந்த செடி மரம் பேரு, அது எதுக்கு உதவிச்சு, இப்ப எங்கயாவது ஒண்ணு நிக்குதான்னு தீர்மான நோட்டுலயே எழுதுங்க. அந்தப் பேருங்க எங்க காலத்தோட முடிஞ்சா, பிறகு விதை கிடைச்சாலும் எதைத் தேடுறோம்னு தெரியாது. எல்லா ஊராட்சியில இருந்தும் அந்தப் பட்டியல் வந்தா, ஆவணி மாசம் பனங்கொட்டை பொறுக்குறதுக்குள்ள எந்த ஏரியில முதல்ல தொடங்கலாம்னு நாம சேர்ந்து முடிவு பண்ணிடலாம்.